நீர்வீழ்ச்சிக்கு ஒரு காலைநடை

சென்ற மாதத்தில் ஒரு நாள், பாடசாலையின் கடைசி மணி அடித்த பின்னர், உயர்தர வகுப்பு மாணவர் இருவர் எமது மேசையருகே வந்து நின்றனர். விடுமுறையில் வகுப்பினர் எல்லோருமாகப் பதுளைக்குச் சென்று துன்ஹிந்த நீர்வீழ்ச்சியைப் பார்த்துவர எண்ணியிருப்பதாகவும், நாமும் உடன்வர வேண்டுமென்றும் கேட்டனர். ஒருவன் கையில் ஒரு கடதாசி இருந்தது. அதிலே வருவோரின் பெயர்களும் பஸ் கூலியின் கணக்கும் எழுதப்பட்டிருந்தன.

"ஆயத்தம் எல்லாம் ஆகிவிட்டதோ?" என்று வினவினோம்.

"பெரிய ஆயத்தம் ஒண்டும் தேவையில்லை, சேர். றோட்டிலை இருந்து ஒண்டரைக் கிலோமீற்றர்தான். இலேசான வழி" என்றான் கடதாசி வைத்திருந்தவன்.

இலேசான வழி! இதே சொல்லை நாமும் ஒருகால் சொன்னதுண்டு. அதற்கு நாம் கொடுத்த விலையை இன்றும் மறந்திலோம். ஆகையால் அம்மாணவரை அமரச் செய்து அவர்களுக்குக் கூறியவற்றையே இவ்வாரம் வாசகர்களுக்கும் கூற விரும்புகின்றோம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் மலைநாட்டுக்குப் போய்வர எண்ணும் பெற்றோருக்கும் இது பயன்படக் கூடும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பிறந்து வளர்ந்தவர்களுக்கு நீர்வீழ்ச்சி என்பது ஒரு பெரும் புதுமை. எமக்கு மலை இல்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் இல்லை. வழுக்கையாறு என்று ஒன்று உண்டெனினும் அது மாரியில் மாத்திரம் ஓடி ஓய்ந்துவிடும். மழைநீர் சுண்ணக்கல்லினூடே நிலத்துள் இறங்கிவிட, அதனைக் கிணற்றிலிருந்து அள்ளி எடுப்பதே எமது வழக்கம். நீர் தானாகவே மலையிலிருந்து குதிக்கும் காட்சியைப் பிள்ளைகள் புத்தகத்திலே படிக்கின்றனர். ஒருமுறையேனும் அதனை நேரிற் காண வேண்டுமென்று அவர்கள் விரும்புவதில் வியப்பில்லை.

அவ்விருப்பத்துக்குத் துன்ஹிந்த மிகவும் ஏற்ற இடம். பதுளை நகரிலிருந்து மகியங்கனை வீதி வழியே ஏறக்குறைய 5 கிலோமீற்றர் சென்றால் அதன் வாயிலை அடையலாம். அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீற்றர் வரையில் காட்டினூடே நடைபாதை. ஒரு புறம் மலைச்சரிவு; மறுபுறம் பள்ளத்தாக்கு. கீழே மரங்களின் மறைவில் பதுளு ஓயா ஓடும் ஓசை நடப்பவரின் கூடவே வரும். வழியில் ஓரிடத்தில் நின்று பார்த்தால் சின்ன துன்ஹிந்த எனப்படும் சிறிய நீர்வீழ்ச்சி தென்படும். பாதையின் முடிவிலே, 64 மீற்றர் உயரத்திலிருந்து பதுளு ஓயா ஒரே பாய்ச்சலாகக் கீழே விழுகின்றது. எமது நாட்டில் மிக உயர்ந்ததாகிய பம்பரகந்த நீர்வீழ்ச்சியின் உயரம் 263 மீற்றர். அதனோடு ஒப்பிடுகையில் துன்ஹிந்த சிறியதே. ஆயினும் நீர் விழும் வேகத்திற் புகைபோல எழுந்து பரவும் திவலைகளின் அழகில் அது எதற்கும் குறைந்ததன்று. சிங்களத்தில் 'தும' என்பது புகையைக் குறிக்கும் சொல். நீர்வீழ்ச்சியின் பெயரும் அப்புகையினாலேயே வந்ததென்பர்.

இத்தகைய இடத்துக்குத்தான் 2016 ஆம் ஆண்டு ஏப்பிரல் விடுமுறையில், 38 மாணவரோடு, யாதொரு திட்டமுமின்றி நாம் சென்றோம்.

நாம் இழைத்த தவறு

திட்டமே இல்லை என்று சொல்வதும் முற்றும் சரியன்று. எந்தெந்த இடங்களைப் பார்ப்பது என்னும் நீண்ட பட்டியல் ஒன்று எம்மிடம் இருந்தது. காலையில் நுவரெலியாவை விட்டுப் புறப்பட்டோம். ஹக்கல பூங்காவில் இரண்டு மணி நேரம் கழிந்தது. எல்லவில் மதியபோசனம், இராவணன் நீர்வீழ்ச்சியில் புகைப்படம். ஒவ்வோரிடத்திலும் அரைமணி நேரம் பிந்தியது. பிந்திய நேரமெல்லாம் ஒன்றுசேர்ந்து பட்டியலின் கடைசியில் இருந்த துன்ஹிந்தவின் தலையில் விழுந்தது. வாயிலை அடைந்தபோது மணி பிற்பகல் 3.40. வானம் கறுத்திருந்தது. "பார்க்காமல் திரும்புவதா? இலேசான வழிதானே, ஓடிப்போய் வந்துவிடலாம்" என்று கூறியவர் வேறெவருமல்லர், நாமே.

மாணவர் ஓடினர். முன்னே சென்றவர்கள் நீர்வீழ்ச்சியை அடைந்தபோது பின்னே வந்தவர்கள் பாதி வழியிற்றான் இருந்தனர். நாம் நடுவில் அகப்பட்டுக்கொண்டோம். முன்னேயும் ஆசிரியர் இல்லை, பின்னேயும் இல்லை. அவ்வேளையில் மழையும் பிடித்துக்கொண்டது.

கடற்கரைக் கிராமத்திலே பிறந்த மாணவன் ஒருவன் அக்கூட்டத்தில் இருந்தான். நடக்கத் தொடங்கிய காலத்திலேயே நீந்தவும் பழகியவன். பார்வையாளர் நிற்கும் இடத்தைக் கடந்து, பாறைகளின் மேல் இறங்கி, நீர்விளிம்பு வரை சென்றுவிட்டான். அங்கே மூலிகைப் பானம் விற்றுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், "தம்பி, அந்தப் பக்கம் போகாதீங்க!" என்று உரக்கக் கூவினார். நீர் விழும் ஓசையில் அக்குரல் அவன் காதில் விழவில்லை. பாசி படிந்த பாறையிற் கால் சறுக்கி, இடுப்பளவு நீரில் விழுந்தான். ஒரு கால் இரு கற்களுக்கிடையிற் சிக்கிக்கொண்டது. அவன் உயிரைக் காத்ததும் அச்சிக்கலே. கால் சிக்காதிருந்தால் நீர் அவனை இழுத்துச் சென்றிருக்கும்.

அம்முதியவர் தமது கடையின் படங்கைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து வந்தார். அவரும் இரு மாணவரும் சேர்ந்து அவனைக் கரையேற்றினர். நாம் வந்து சேர்ந்தபோது அவன் பாறையின்மேல் நடுங்கிக்கொண்டிருந்தான். கணுக்கால் வீங்கியிருந்தது. எலும்பு முறிந்திருந்தது என்பது பின்னர் வைத்தியசாலையில் தெரியவந்தது.

அதன் பின்னரே அந்த ஒன்றரைக் கிலோமீற்றரின் உண்மையான நீளத்தை அறிந்தோம். போகும்போது இறங்கிய படிகள் யாவும் வரும்போது ஏறவேண்டியவை ஆயின. நால்வர் நால்வராக மாறி மாறி அவனைத் தூக்கி வந்தனர். வழுக்கும் பாதை, கொட்டும் மழை. டோர்ச் விளக்கு ஒன்றையேனும் எவரும் கொண்டு வரவில்லை. கைத்தொலைபேசிகளோ நாள் முழுவதும் புகைப்படம் எடுத்து உயிர் இழந்திருந்தன. வாயிலை அடைய ஒரு மணி ஐம்பது நிமிடம் பிடித்தது. இருளில் மாணவரை எண்ணியபோது 37 பேரே இருந்தனர். மீண்டும் எண்ணியபோதும் 37. மூன்றாம் முறை எண்ணுகையிற்றான், பஸ்ஸினுள்ளே கிடத்தப்பட்டிருந்த அவனையே விட்டுவிட்டு எண்ணுகின்றோம் என்பது புரிந்தது. அந்த ஐந்து நிமிடங்களில் எம் மனம் பட்ட பாட்டை எழுத்தில் வடிக்க இயலாது.

இரண்டு நாட்களின் பின்னர் மாணவனை அவன் வீட்டிலே சேர்த்தோம். ஏச்சு விழும் என்று எதிர்பார்த்தே சென்றோம். தாயார் ஏசவில்லை, தேநீர் தந்தார். நாம் குடித்து முடித்த பின்னர், "சேர், அங்கை எத்தினை மணிக்குப் போய்ச் சேர்ந்தனீங்கள்?" என்று மாத்திரம் கேட்டார். மூன்று நாற்பது என்றோம். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. எமது தவறு முழுவதையும் அவ்வொரு வினாவிலேயே அவர் கண்டுகொண்டார்.

கணக்கைப் பின்னிருந்து போடுக

திட்டமிடுதலின் முதற்படி நேரம். பயணக் கணக்கைப் பெரும்பாலோர் முன்னிருந்து போடுகின்றனர்: எத்தனை மணிக்குப் புறப்படலாம், எத்தனை மணிக்குச் சேரலாம் என்று. காட்டுவழிக்குரிய கணக்கைப் பின்னிருந்து போடுதல் வேண்டும். எத்தனை மணிக்குள் காட்டைவிட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்பதே முதல் வினா.

மலைநாட்டில் மார்ச்சு, ஏப்பிரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் காலை தெளிவாக இருந்து, பிற்பகலில் இடிமழை பெய்வது வழக்கம். ஆகவே நண்பகல் 12 மணிக்கு வாயிலுக்கு வெளியே நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். திரும்பி ஏற ஒன்றேகால் மணி நேரம் தேவையாயின், நீர்வீழ்ச்சியைவிட்டு 10.45 மணிக்குப் புறப்படுதல் வேண்டும். அங்கே ஒரு மணி நேரம் இருக்க விரும்பின் 9.45 மணிக்கு அங்கு சேர்தல் வேண்டும். இறங்கிச் செல்ல ஒரு மணி நேரம் ஆகுமாயின் வாயிலை 8.45 மணிக்கு அடைதல் வேண்டும். அப்படியாயின் முதல்நாள் இரவே பதுளையில் தங்கியாக வேண்டும். இக்கணக்கைப் போட்டுப் பார்த்தவுடன், வேறு நான்கு இடங்களோடு ஐந்தாவதாக இதனையும் ஒரே நாளில் அடக்கலாம் என்னும் எண்ணம் தானாகவே அகன்றுவிடும்.

இவற்றுள் மிக முக்கியமானது 10.45 என்னும் எண். அதுவே திரும்பும் நேரம். அந்நேரம் வந்தால், நீர்வீழ்ச்சி இன்னும் நூறு அடி தூரத்தில் இருப்பினும் திரும்பிவிட வேண்டும். நீர்வீழ்ச்சி அங்கேயே இருக்கும். இன்னொரு நாள் வந்து பார்க்கலாம். இம்முடிவை அவ்விடத்தில் நின்று எடுக்க எவராலும் இயலாது. வீட்டிலே இருக்கும்போதே எடுத்து, எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

நடைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைக் கணிக்கவும் ஒரு விதி உண்டு. ஸ்கொட்லாந்து தேசத்து மலையேறி வில்லியம் நெயிஸ்மித் என்பவர் 1892 ஆம் ஆண்டில் வகுத்தது அது. இன்றைய அளவையிற் சொல்வதாயின், 5 கிலோமீற்றர் நடைக்கு ஒரு மணி நேரம். அதன்மேல், ஏறும் உயரம் ஒவ்வொரு 600 மீற்றருக்கும் இன்னுமொரு மணி நேரம். இவ்விதிப்படி துன்ஹிந்தவுக்குப் போய்வரும் 3 கிலோமீற்றருக்கு 36 நிமிடம் போதும். ஏற்றத்துக்கெனச் சில நிமிடங்களைக் கூட்டிக்கொண்டாலும் ஒரு மணி நேரம் ஆகாது. ஆனால் நெயிஸ்மித்தின் விதி உடல்வலுவுள்ள, பழகிய மலையேறிக்கு உரியது. அதில் ஓய்வுக்கு இடமில்லை. குரங்கைக் கண்டு நிற்கும் குழந்தைக்கும், முழங்கால் நோவுள்ள பாட்டிக்கும் இடமில்லை. குடும்பமாகச் செல்வோர் அவ்விதி தரும் விடையை மூன்றாற் பெருக்கிக்கொள்வது நன்று.

இரண்டாவது படி, குழுவிலே மிக மெதுவாக நடப்பவர் யார் என்று அறிதல். அவருடைய வேகமே குழுவின் வேகம். வேகமாக நடப்பவரைக் கொண்டு நேரத்தைக் கணித்துவிட்டு, மெதுவாக நடப்பவரைக் கடிந்துகொள்வது பலரிடமுள்ள பழக்கம். மெதுவாக நடப்பவர் முன்னே செல்ல, மற்றவர் பின்தொடர்வதே முறை. எல்லோருக்கும் முன்னே ஒரு பெரியவரும், எல்லோருக்கும் பின்னே ஒரு பெரியவரும் செல்ல வேண்டும். முன்னவரை எவரும் முந்துதலாகாது. பின்னவருக்குப் பின்னால் எவரும் நிற்றலாகாது. வாயிலில் ஒருமுறை, சின்ன துன்ஹிந்த தெரியும் இடத்தில் ஒருமுறை, நீர்வீழ்ச்சியில் ஒருமுறை என ஆட்களை எண்ணிக்கொள்ளுதல் வேண்டும்.

நீரைப் பற்றிச் சில உண்மைகள்

கடலில் நீந்தப் பழகியவனுக்கு ஆற்றுநீர் ஒரு பொருட்டா என்று எமது மாணவன் எண்ணினான். பௌதிகம் படிப்போர் இதனைச் சற்று ஆராய்தல் நன்று. கடல்நீர் உப்பினால் நன்னீரை விட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு வரையில் அடர்த்தி கூடியது. ஆகவே கடலில் மிதக்கும் உடல் ஆற்றில் இன்னும் தாழ்ந்தே மிதக்கும். நீர்வீழ்ச்சியின் அடியிலோ நீரோடு காற்றுக் குமிழிகளும் பெருமளவிற் கலந்திருக்கும். அந்நுரைநீரின் அடர்த்தி மேலும் குறைவு. நன்றாக நீந்துபவனையும் அது தாங்கமாட்டாது.

மற்றொன்று வேகம். காற்றின் தடையை நீக்கிக் கணித்தால், 64 மீற்றர் உயரத்திலிருந்து விழும் நீர் மூன்றரை விநாடிக்குச் சற்று அதிகமான நேரத்தில் அடியை அடையும். அப்போது அதன் வேகம் மணிக்கு 127 கிலோமீற்றர் அளவில் இருக்கும். உண்மையிற் காற்று அதனை உடைத்துத் திவலையாக்கி வேகத்தைக் குறைக்கின்றது. புகைபோல நாம் காண்பது அதனையே. எனினும் உடையாது விழும் நீர்த்திரள் காலங்காலமாக ஒரே இடத்தைத் தாக்கி, அங்கே ஆழமான கிடங்கைத் தோண்டிவிடுகின்றது. மேலே அமைதியாகத் தோன்றும் அக்கிடங்கின் உள்ளே நீர் சுழன்று, கீழ்நோக்கி இழுக்கும். ஆகவே துன்ஹிந்தவில் நீரில் இறங்குதல் என்னும் பேச்சுக்கே இடமில்லை. பார்வையாளருக்கென அமைந்த இடத்தில் நின்று பார்த்தாலே போதும். திவலை தானாக வந்து முகத்தை நனைக்கும்.

இன்னுமொன்றையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். நாம் நிற்குமிடத்தில் மழை இல்லாதிருக்கலாம். தூரத்து மலையிற் பெய்த மழை சிறிது நேரத்தில் ஆற்றில் வந்து சேரும். தெளிந்திருந்த நீர் திடீரெனக் கலங்கினாலும், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், ஓசை பெருத்தாலும், அக்கணமே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

புறப்படுமுன் விசாரிக்க வேண்டியவை

2025 நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்தது. மலைநாட்டு வீதிகளும் இருப்புப்பாதையும் பெருஞ் சேதமுற்றன. ஆகவே பழைய நினைவை மாத்திரம் நம்பிப் புறப்படுதல் தவறு. நடைபாதை திறந்திருக்கின்றதா என்று பதுளையில் உள்ள ஒருவரிடம் கேட்டறிய வேண்டும். 1924 ஆம் ஆண்டில் பதுளையை எட்டிய அந்த அழகிய இருப்புப்பாதையிற் பயணஞ் செய்ய விரும்புவோர், வண்டி எவ்விடம் வரை ஓடுகின்றது என்பதைப் புகையிரத நிலையத்தில் முன்னரே விசாரித்துக்கொள்ளுதல் வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை வெளியிடுகின்றது. பதுளைக்கு அத்தகைய எச்சரிக்கை இருப்பின் பயணத்தைத் தள்ளிப்போடுவதைத் தவிர வேறு யோசனை வேண்டியதில்லை. பாடசாலையிலிருந்து செல்வோருக்கு அதிபரின் அனுமதியும், வலயக் கல்விப் பணிமனையின் அனுமதியும், ஒவ்வொரு பெற்றோரின் எழுத்துமூலமான சம்மதமும் தேவை. அம்புலன்ஸ் சேவையின் இலக்கம் 1990. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. இவ்விரண்டையும் கைத்தொலைபேசியில் மாத்திரமன்றி, ஒரு கடதாசியிலும் எழுதி வைத்துக்கொள்க.

கையிற் கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை. வழுக்காத அடியுள்ள சப்பாத்து, செருப்பு ஆகாது. ஒவ்வொருவருக்கும் ஒரு போத்தல் தண்ணீர். மழையங்கி. இரண்டு டோர்ச் விளக்குகள். சுளுக்குக்குச் சுற்றும் துணிப்பட்டி. மழைக்காலமாயின் அட்டைகளுக்காகச் சிறிது உப்பு அல்லது சவர்க்காரம். உணவைப் பொறுத்தவரை, மதியச் சோற்றை நகருக்குத் திரும்பி வந்து உண்பதே மேல். வழியிற் கடிப்பதற்குப் பருத்தித்துறை வடையும் பனங்கட்டியும் போதும். அவை கெடுவதில்லை, பாரமுமில்லை. வாழைப்பழத்தைக் கையிற் பிடித்துக்கொண்டு நடப்போர், குரங்குகளுக்கே அதனைக் கொண்டு செல்கின்றனர் என்க. கொண்டுபோகும் பையும் போத்தலும் ஒன்று தவறாமல் திரும்பி வரவேண்டும் என்று சொல்லவும் வேண்டுமோ?

மாமியாரின் நடை

இவற்றையெல்லாம் கடைப்பிடித்தால் பயணத்தின் இன்பம் குறைந்துவிடும் என்று சிலர் எண்ணலாம். 2019 பெப்ரவரியில் நாம் மீண்டும் துன்ஹிந்தவுக்குச் சென்றோம். இம்முறை குடும்பத்தோடு. எமது மனைவியாரின் தாயாருக்கு அப்போது வயது 68, முழங்காலில் நோவு. "நான் வானுக்குள்ளை இருக்கிறன், நீங்கள் போட்டு வாருங்கோ" என்றார். அவர் நடையையே அளவாகக் கொண்டு நாம் கணக்குப் போட்டிருக்கின்றோம் என்றதும் முகம் மலர்ந்தது.

பத்து நிமிட நடை, மூன்று நிமிட ஓய்வு என்பது ஒழுங்கு. எமது மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அவளுக்கு நேரம் பார்க்கும் வேலையைக் கொடுத்தோம். பாட்டி களைத்தாலும் களையாவிட்டாலும், அவள் "நில்லுங்கோ" என்றவுடன் எல்லோரும் நின்றோம். நின்றபடியால் முன்னர் காணாதவற்றையெல்லாம் கண்டோம். மரத்திலே தாய்க்குரங்கு ஒன்று குட்டிக்குப் பேன் பார்த்தது. பாறைக் கசிவிலே சிறு பன்னங்கள் தளிர்த்திருந்தன. 2016 இல் ஓடிய ஓட்டத்தில் இவற்றுள் ஒன்றேனும் எமது கண்ணிற் படவில்லை.

ஐம்பத்தைந்து நிமிடத்தில் நீர்வீழ்ச்சியை அடைந்தோம். மாமியார் ஒரு படியில் அமர்ந்து நெடுநேரம் பேசாது பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், "துலா மிதிச்சு ஒரு வாளி தண்ணி அள்ள நாங்கள் எவ்வளவு பாடுபட்டனாங்கள். இது இப்பிடிச் சும்மா கொட்டுது" என்றார். வறண்ட மண்ணிலே தோட்டம் செய்து வளர்ந்தவருடைய வாயிலிருந்தே அச்சொல் பிறத்தல் கூடும். மகள் கடிகாரத்தைக் காட்டினாள். எழுந்தோம். மூலிகைப் பானம் விற்கும் முதியவரைத் தேடினோம். அன்று அவர் அங்கில்லை.

இவையனைத்தையும் கேட்ட மாணவர் இருவரும் சிறிது நேரம் மௌனமாக இருந்தனர். அவர்களுடைய கடதாசியின் பின்புறத்தில் மூன்று வினாக்களை எழுதிக் கொடுத்தோம். மிக மெதுவாக நடப்பவர் யார்? எங்கெங்கே நின்று ஆட்களை எண்ணுவீர்கள்? எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்?

ஒரு வாரத்தின் பின்னர் மூவராக வந்தனர். மூன்றாமவனுக்குத் தொய்வு நோய் உண்டு. வேகமாக நடந்தால் மூச்சு முட்டும். முதற் பட்டியலில் அவன் பெயர் இல்லாதிருந்ததை நாம் கவனித்திருந்தோம்.

"இவன் வரமாட்டான் எண்டு நினைச்சு விட்டிட்டம், சேர். மெதுவா நடக்கிறது ஆர் எண்டு நீங்கள் கேட்டபடியாத்தான் போய்க் கேட்டம். வாறனெண்டு சொல்லிப்போட்டான்" என்றான் கடதாசி வைத்திருந்தவன்.

கடதாசியை வாங்கிப் பார்த்தோம். வைத்தியரின் ஆலோசனையும், மருந்துக் குழல் இருவரிடம் இருக்க வேண்டும் என்பதும் எழுதப்பட்டிருந்தன. நேரக் கணக்கு முழுவதும் புதிய கையெழுத்தில் இருந்தது. மூன்றாமவன் தானே நடந்து பார்த்துப் போட்ட கணக்கு. கடைசி வரியில், திரும்பும் நேரம் காலை 10.30 என்று குறித்து, அதன்கீழ் இரண்டு கோடுகள் இட்டிருந்தான். எமது கணக்கை விடக் கால்மணி நேரம் முந்தியது. அதனை நாம் திருத்தவில்லை. உடன் வருவதாக ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டோம்.